ஆறு மாதம் பூட்டிய அறை

செவன் கிங்ஸ்
ஓகஸ்ட் 11

அன்புள்ள அண்ணைக்கு,

இங்கே நாங்கள் இருவரும் சுகம். அங்கே நீங்கள் நால்வரும் அப்படியே இருக்க வேண்டும்.

போனில் கதைத்தால் சத்தம் வருகிறது. உங்களுக்கும் வருகிறது, எனக்கும் வருகிறது. அம்மா அடுப்படியில் கழுவிய கோப்பைகளை மறுபடி கழுவத் தொடங்குகிறா. "எழுது, எழுதும்போது நீ கத்தமாட்டாய்" என்றீர்கள். எழுதுகிறேன்.

முதலில் எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். பிறகு நான் சொல்லவில்லை, நீங்கள் கேட்கவில்லை என்று வரக்கூடாது.

பெப்ரவரியில் அப்பா முன்னறையில் போனார். பஞ்சமி என்று ஐயர் சொன்னார். அவிட்டம் முதல் ரேவதி வரையான ஐந்து நட்சத்திரங்களில் ஒருவர் இறந்தால் இறந்த அறையை ஆறு மாதம் பூட்டி வைக்க வேண்டுமாம். எட்டாம் நாள் கிரியையான எட்டுச் செலவு முடிந்து நீங்கள் விமானம் ஏறிய அன்றே அம்மா அறையைப் பூட்டினா. திறப்பு இன்னமும் அவவின் கைப்பைக்குள். தவணை இந்த மாத முடிவில் தீருகிறது.

வீட்டை விற்போம் என்றீர்கள். நான் ஓம் என்றேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. விற்ற பிறகு அம்மா மெல்பேர்ணுக்கு உங்களிடம் வருவா. நீங்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அம்மாவை நான் பாக்கிறன். நீ உன்ரை வாழ்க்கையைப் பார்."

பார்க்கத்தான் நினைக்கிறேன். அபர்டீனில் அந்த ஆய்வு வேலை ஜனவரியில் தொடங்குகிறது. அப்பாவுக்காக இரண்டு முறை தள்ளிப்போட்டேன். மூன்றாம் முறை கேட்க வேண்டாம் என்று மிக மரியாதையாக எழுதியிருக்கிறார்கள். கடலடிச் சேற்றைப் பற்றிய ஆய்வு. "சேறு பாக்கவோ இவ்வளவு படிச்சனி?" என்று அம்மா கேட்கிறா.

வீடு விலைப்பட வேண்டும். அம்மா உங்களிடம் வர வேண்டும். நான் போக வேண்டும். எழுதிப் பார்த்தால் மூன்று வரிதான்.

அண்ணியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்லுங்கள். உங்கள் முழங்கால் நோ எப்படி என்று அம்மா கேட்கச் சொன்னா.

தங்கச்சி,
பிரசாந்தினி

*

மெல்பேர்ண்
ஓகஸ்ட் 24

அன்புத் தங்கச்சிக்கு,

கடிதம் கிடைத்தது. எல்லோரும் சுகம். முழங்கால் பரவாயில்லை என்று அம்மாவிடம் சொல்.

நல்ல நேரம் இதுதான். இந்த மாதம் வட்டி இறங்கியிருக்கிறது. இரண்டு வருடமாகப் படுத்துக் கிடந்த வீட்டுச் சந்தை மெல்ல எழும்புகிறது. செவன் கிங்ஸ் பக்கம், அதுவும் எலிசபெத் லைன் ஸ்டேசனுக்கு நடக்கிற தூரத்தில் வீடு என்றால், கேட்டு வருவார்கள். ஆனால் ஒக்டோபர் முடிவதற்குள் காட்டிவிட வேண்டும். நாலரைக்கு இருட்டுகிற தெருவில் ஆர் வீடு வாங்குவான்?

சச்சிதானந்தனைத் தொடர்பு கொள். என்னோடு இல்ஃபோர்டில் படித்தவன். இப்போது வீடு விற்றுக் கொடுக்கிற தொழில். வாய் கொஞ்சம் நீளம், ஆள் நேர்மை.

அவன் வருமுன் வீட்டை இலையுதிர் காலத்துக்கு ஆயத்தப்படுத்து. மழைத்தண்ணீர் ஓடுகிற கூரைப் பீலியில் இலை அடைந்திருக்கும், ஆள் பிடித்து எடுப்பி. பொய்லரைச் சோதிக்க வேண்டும். ரேடியேட்டர்களில் காற்று அடைத்திருந்தால் வெளியேற்று. முன்கதவுக்குப் பெயின்ட். வீடு பார்க்க வருகிறவன் முதலில் உணர்வது சூட்டைத்தான்.

இன்னொன்று. பத்திரத்தில் அம்மாவின் பெயரும் என் பெயரும்தான். அப்பா பெற்றோல் செட்டில் கையில் சம்பளம் வாங்கிய காலம் அது. என்னுடைய சம்பளத் துண்டைக் காட்டித்தான் கடன் எடுத்தோம். ஆகவே கையெழுத்து வேண்டுமென்றால் அனுப்பு, போட்டு அனுப்புகிறேன்.

சனிக்கிழமை பிள்ளைகள் வந்தார்கள். சின்னவன் அப்பம்மாவுக்கென்று ஒரு வீடு கீறினான். அதற்கு நாலு புகைக்கூண்டு. ஏனடா என்றால், லண்டன் குளிர் என்கிறான்.

உடம்பைப் பார்த்துக்கொள். அம்மாவை மருந்தைத் தவறவிடாமல் பார்.

அண்ணை,
கிருஷாந்

*

செவன் கிங்ஸ்
செப்டெம்பர் 8

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் சுகம் அறிந்து ஆறுதல். அம்மாவுக்கு இரத்த அழுத்தம் கொஞ்சம் கூட. எனக்கு ஒன்றுமில்லை. தூக்கம்தான்.

அறையைத் திறந்தோம்.

ஐயர் வந்தார். தண்ணீர் தெளித்தார். அம்மா திறப்பைக் கொடுத்துவிட்டுப் பின்னுக்கு நின்றா. கதவு உடனே திறக்கவில்லை. நிலையில் ஊதி இறுகியிருந்தது. நான் தோளால் தள்ளினேன். முதலில் வந்தது மணம். ஐயர் மந்திரத்தை நிறுத்தி மூக்கைப் பொத்தினார். பொத்தியபடியே மிச்சத்தைச் சொன்னார்.

தெருப்பக்கச் சுவர் முழுக்கக் கறுப்பு. யன்னலுக்குக் கீழே சுவர்த்தாள் தானாக உரிந்து தொங்கியது. அப்பாவின் மெத்தையில் பூஞ்சணம். அவருடைய செருப்புக்குள்ளும்.

பூட்டிய அன்று அம்மா ரேடியேட்டரையும் நிறுத்தியிருக்கிறா. ஆளில்லாத அறைக்கு ஏன் சூடு. யன்னலுக்கு மேலே பீலி அடைத்து, மாசி மழையும் பங்குனி மழையும் சுவருக்குள் இறங்கியிருக்கிறது. ஆறு மாதம் ஒருவரும் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்பதுதானே ஏற்பாடு. யாழ்ப்பாணத்தில் பூட்டினால் தூசி பிடிக்கும். இங்கே சுவர் அழுகும். இது எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. நான் ஈரத்தையும் சேற்றையும் படித்தவள். எனக்கும் தோன்றவில்லை.

சச்சிதானந்தன் அண்ணை வந்தார். வாசலில் நின்றே பார்த்தார்.

"ஆவியெண்டால் ஐயரோடை முடிஞ்சுது, தங்கச்சி. இது ஈரம். இதுக்கு வேறை ஆள் பிடிக்கவேணும்."

"எவ்வளவு நாள் எடுக்கும்?"

"காயிறதுக்கு மூண்டு கிழமை. அதுக்குள்ளை மிச்ச வீட்டைப் படம் எடுப்பம். ஒரு உதவி செய்யுங்கோ. விக்கிற வரைக்கும் அம்மாவை மீன் பொரிக்க விடாதேங்கோ."

அம்மா அடுப்படியிலிருந்து கேட்டா: "ஏன், வாங்கிறவை சாப்பிட மாட்டினமோ?"

பீலி துப்புரவாகிவிட்டது. பொய்லர்காரர் வந்து போனார். ரேடியேட்டர்களின் காற்றை நானே வெளியேற்றினேன். ஒவ்வொன்றும் நீண்ட மூச்சு விட்டது. பொறாமையாக இருந்தது. முன்கதவு இப்போது கரும்பச்சை. ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஒன்று முன்னறையில் இரவும் பகலும் முனகுகிறது.

அண்ணியைப் பற்றி எழுதவில்லையே. சுகம்தானே?

அன்புடன்,
பிரசாந்தினி

*

மெல்பேர்ண்
செப்டெம்பர் 17

தங்கச்சிக்கு,

சுகம். அங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

உன் கடிதம் வாசித்துவிட்டு இங்கே கோயிலுக்குப் போனேன். திருக்கணிதப் பஞ்சாங்கம் வைத்திருக்கிறார்கள். அப்பா இறந்த நாளைப் பார்க்கச் சொன்னேன். பஞ்சமி இல்லை. மூன்று தரம் பார்க்கச் சொன்னேன். இல்லை.

நாங்கள் எப்போதும் திருக்கணிதக்காரர். என் கலியாணத்துக்கு நாள் வைத்தது அதில். உனக்கு ஏடு தொடக்கியது அதில். வாக்கியப் பஞ்சாங்கக்காரரைக் கண்டாலே அப்பா சிரிப்பார். அப்படியிருக்க அப்பாவின் சாவை மட்டும் ஆர் வாக்கியத்தில் பார்த்தது?

உனக்கு வீட்டை விற்க மனமில்லை என்றால் நேரே சொல்லியிருக்கலாம். அறையைப் பூட்டி அழுகவிட்டிருக்கத் தேவையில்லை. அந்தச் சுவரால் விலை எவ்வளவு இறங்கும் என்று யோசித்தாயா? சந்தை நிமிர்கிற நேரத்தில்!

அம்மாவிடம் இதைக் கேட்காதே. பாவம். அவவுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

மருந்து, சாப்பாடு கவனம்.

கிருஷாந்

*

செவன் கிங்ஸ்
செப்டெம்பர் 29

அன்புள்ள அண்ணைக்கு,

சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மா சுகம். எவ்வளவு சுகம் என்பதைக் கீழே எழுதுகிறேன்.

கேட்காதே என்றீர்கள். கேட்டேன்.

அவ மீன் பொரித்துக்கொண்டிருந்தா. ஓம், பொரித்துக்கொண்டுதான்.

"அம்மா, அப்பாவுக்குப் பஞ்சமி இல்லையாம்."

"ஆர் சொன்னது?"

"அண்ணை. திருக்கணிதத்திலை பாத்தவராம்."

"வாக்கியத்திலை இருக்கு."

"நாங்கள் எப்பவம்மா வாக்கியம் பாத்தனாங்கள்?"

"இந்த முறைதான்."

மீனைத் திருப்பினா.

"மனுசன் போய் எட்டு நாள் ஆகேல்லை. கொண்ணை கிருஷாந் முன்னறையிலை நிண்டு ஆரோடையோ போனிலை வீட்டு விலை கதைக்கிறான். அப்பாவின்ரை கட்டில் விரிப்பு இன்னும் மாத்தேல்லை. நான் ஐயரைக் கேட்டன், வாக்கியத்திலை என்னவெண்டு. 'பஞ்சமி தட்டுது, ஆனா நீங்கள் திருக்கணிதமெல்லே' எண்டார். 'இண்டைக்கு வாக்கியம்' எண்டன். அந்தாள் என்னை ஒரு மாதிரிப் பாத்திட்டு ஓமெண்டுட்டார்."

"ஏனம்மா?"

"பூட்டின அறையோடை வீட்டைக் காட்டேலாதெல்லே. எனக்கு ஆறு மாசம் வேணுமெண்டு இருந்தது. கேட்டா ஆர் தருவினம்? பஞ்சாங்கம் தந்தது."

"என்னட்டைச் சொல்லியிருக்கலாம்."

"உன்னட்டைச் சொன்னா நீ என்னைப் பாவம் பாத்து இஞ்சையே இருந்திருப்பாய். பிறகு சேறு பாக்க ஆர் போறது?"

அவ்வளவுதான். குளிர் இவ்வளவு செய்யும் என்று தெரியவில்லை என்றும் சொன்னா. அதை மட்டும் சின்னக் குரலில் சொன்னா.

நீங்கள் என்னைச் சந்தேகப்பட்டதற்கு ஒன்றும் எழுதவில்லை. கோபப்படவும் ஒரு தெம்பு வேண்டும்.

ஒன்றை மட்டும் கேட்கிறேன். போன மாதக் கடிதத்தை மறுபடி வாசித்தேன். "சனிக்கிழமை பிள்ளைகள் வந்தார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள்.

எங்கேயிருந்து வந்தார்கள், அண்ணை?

உங்கள் சுகத்துக்குப் பதில் எழுதுங்கள்.

பிரசாந்தினி

*

செவன் கிங்ஸ்
ஒக்டோபர் 14

அன்புள்ள அண்ணைக்கு,

உங்களிடமிருந்து கடிதம் இல்லை. சுகம் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

சுவர் காய்ந்துவிட்டது. புதிதாகப் பூசி வெள்ளையடித்திருக்கிறோம். மற்றச் சுவர்களை விட அது வெள்ளை. எங்கே நடந்தது என்று அதுவே காட்டிக்கொடுக்கிறது.

ஆட்கள் வருகிறார்கள். சந்தை பற்றி நீங்கள் சொன்னது சரிதான். ஒரே சனிக்கிழமையில் ஐந்து குடும்பம். சப்பாத்தைக் கழற்றுவதா என்று கேட்டபடி. அலுமாரிகளைத் திறந்தபடி. அம்மாவையும் என்னையும் தளபாடம் போல் சுற்றிப் போனபடி.

முதலில் விரும்பியது எங்கள் ஆட்கள். வெம்பிளியில் வாடகைக்கு இருக்கும் இளம் தம்பதி, அவள் ஏழு மாதம். மாமியாரும் வந்திருந்தா. எல்லாம் பிடித்துப்போயிற்று. சமையலறையில் நின்று, எந்தப் பக்கம் சாமித்தட்டு என்று தங்களுக்குள் கதைக்கத் தொடங்கிவிட்டார்கள். அம்மா தேத்தண்ணி கொண்டுவந்தா.

"முன்னறை நல்ல வெளிச்சம்," என்றா மாமியார்.

"ஓம். இவர் அதிலைதான் மோசம் போனவர்," என்றா அம்மா.

"ஆ... எப்ப?"

"மாசியிலை. பஞ்சமி. சீனி காணுமோ?"

தேத்தண்ணியைக் குடித்து முடிக்கவில்லை. தெருவரைக்கும் சச்சிதானந்தன் அண்ணை பின்னால் ஓடினார். திரும்பி வந்து படிக்கட்டில் இருந்தார்.

"அம்மா, நீங்களே செய்த பஞ்சமியை நீங்களே நம்பினா நான் என்ன செய்யிறது?"

"அப்ப பொய் சொல்லி விக்கச் சொல்லுறீரோ?"

"பஞ்சமியே பொய்தானே, அம்மா!"

"வாக்கியத்திலை இருக்கு."

அவர் சிரித்துவிட்டார். நானும். எத்தனை மாதத்துக்குப் பிறகு என்று தெரியவில்லை.

அடுத்த கிழமை ஒரு நைஜீரியப் பெண் வந்தா. மருத்துவமனையில் வேலை, இரண்டு மகள்கள். அம்மா அவவுக்கும் சொன்னா, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில். கையால் சுவரைக் காட்டி. அந்தப் பெண் முன்னறைக்குள் போய் அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்தா. தன் தாயும் வீட்டில்தான் போனா என்றும், ஆஸ்பத்திரியில் போகாதது நல்லது என்றும் சொன்னா. தினமும் அங்கே சாவைப் பார்க்கிறவ. பிறகு பொய்லர் எத்தனை வருடப் பழசு என்று கேட்டா.

நல்ல விலைக்குக் கேட்டிருக்கிறா. வங்கிக் கடன் ஆயத்தம். விற்க வேண்டிய வீடு எதுவும் அவவுக்கு இல்லை. டிசெம்பரில் நத்தாருக்கு முன் ஒப்பந்தம் முடித்துவிடலாம் என்கிறார் சச்சிதானந்தன் அண்ணை. அம்மா கையெழுத்து வைத்துவிட்டா. உங்களுடையது வேண்டும். தாள்கள் இதோடு.

நான் அபர்டீனுக்கு ஓம் என்று எழுதிவிட்டேன்.

கேட்ட கேள்வி இன்னும் அங்கேயே இருக்கிறது.

அன்புடன்,
பிரசாந்தினி

*

செவன் கிங்ஸ்
ஒக்டோபர் 30

அண்ணைக்கு,

அம்மா சுகம். நீங்கள்?

குளிர்கால நேரத்துக்காக மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைத்தாயிற்று. பின்னேரம் என்று ஒன்று இனி இல்லை. தெரு முழுக்க ஈர இலை. கவுன்சில்காரர் கூட்டிய மறுநாளே மறுபடி.

அந்தப் பெண் கேட்கிறா. சச்சிதானந்தன் அண்ணை கேட்கிறார். என்ன சொல்ல?

பிரசாந்தினி

*

மெல்பேர்ண்
நவம்பர் 8

அன்புத் தங்கச்சிக்கு,

தாமதத்துக்கு மன்னி. வேலை. எல்லோரும் சுகம்.

யோசித்துப் பார்த்தேன். இப்போது விற்க வேண்டாம். சந்தை இப்போதுதான் எழும்புகிறது. எழும்பும்போது விற்கிறவன் முட்டாள். சித்திரை வரை வைத்திருந்தால் இன்னும் நல்ல விலை வரும் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அந்தப் பெண் வேறு வீடு பார்க்கட்டும்.

அம்மாவின் விசா அலுவலும் நினைத்த மாதிரி இல்லை. நாளெடுக்கும். அதுவரை வீடு இருந்தால்தானே அம்மாவுக்கு இடம்.

நீ அபர்டீன்காரருடன் ஒருமுறை கதைத்துப் பார். சேறு எங்கே போகப்போகிறது? நாலைந்து மாதம்தான். குளிர்காலத்தில் அம்மாவைத் தனியே விடுவது சரியில்லை, அது உனக்கே தெரியும்.

தாள்களைத் திருப்பி அனுப்பவில்லை. என்னிடமே இருக்கட்டும்.

முழங்கால் மறுபடி நோகிறது. அம்மாவிடம் சொல்லாதே.

கிருஷாந்

*

செவன் கிங்ஸ்
கார்த்திகை

மகன் கிருஷாந்துக்கு அம்மா எழுதுறன்.

ஆர்ச்வே முருகன் புண்ணியத்திலை நான் நல்ல சுகம். சிநேகிதி கமலாம்பிகையோடை அங்கை போய் உனக்கும் ஒரு அருச்சனை செய்வித்தனான். உன்ரை முழங்காலுக்கும் சேர்த்து.

நீ தங்கச்சிக்கு எழுதின கடிதத்தை அவள் எனக்கு வாசிச்சுக் காட்டினவள். வாசிச்சு முடிச்சு, மடிச்சு வைச்சிட்டுப் போய் மாடியிலை படுத்திட்டாள். அழேல்லை. அழுதிருந்தா நான் இதை எழுதியிருக்க மாட்டன்.

தம்பி, எனக்குத் தெரியும். நீ வைகாசியிலை வீட்டை விட்டு வந்து ஒரு அறையிலை இருக்கிறாய். பிள்ளையள் சனிக்கிழமையிலை வந்து போகினம். மருமகள் தனுஷியா எனக்கு ஒவ்வொரு ஞாயிறும் போன் எடுக்கிறவள். உன்னைப் பற்றி ஒரு குறை சொன்னதில்லை. "மாமி, அவர் தானாச் சொல்லட்டும், நீங்கள் கேக்காதேங்கோ" எண்டாள். நானும் கேக்கேல்லை. இவள் பிரசாந்தினி உன்னைக் கேட்டிட்டாள். நீ பதில் சொல்லேல்லை.

அறையிலை இருக்கிறது குற்றமில்லை. கொப்பரும் நானும் லண்டனிலை முதல் மூண்டு வருசம் ஒரு அறையிலைதான் இருந்தனாங்கள், நீ கட்டிலுக்குக் கீழை படுத்தனி. வீடு வித்தா அம்மா வந்து நிப்பா, எங்கை படுக்க விடுறதெண்டு நீ யோசிச்சிருக்கிறாய். அதுக்காக விலை ஏறும், விசா வராது எண்டு எழுதுறாய். உன்ரை வெக்கத்துக்குக் காவலா அவளை இஞ்சை இருத்தி வைக்கிறாய்.

நான் ஆறு மாசம் எடுத்தது என்ரை மனுசனுக்காக. அதுக்கு ஒரு சுவர்தான் பழுதாச்சு. நீ எடுக்கிற ஆறு மாசம் அவளின்ரை. அவளுக்கு ஏற்கெனவே ரெண்டு முறை போச்சு. கொப்பரைத் தூக்கினது, துடைச்சது, சாம்பலைச் சவுத்எண்டிலை கடலிலை கரைச்சது எல்லாம் அவள். மகன் செய்ய வேண்டியது. நீ விடுமுறை இல்லையெண்டு திரும்பிப் போட்டாய். நான் ஒண்டும் சொல்லேல்லை.

நான் மெல்பேர்ணுக்கு வரேல்லை. நீ கூப்பிட்ட நாளிலையும் வர நினைக்கேல்லை. கமலாம்பிகையின்ரை பிள்ளையள் எல்லாம் வீட்டை விட்டுப் போட்டுதுகள், கீழ் அறை சும்மா கிடக்கு. பேசி முடிச்சிட்டன். ரெண்டு பேரும் சண்டை பிடிப்பம். முப்பது வருசமாப் பிடிக்கிறம்தானே.

உன்ரை பங்கை எடு. பிள்ளையள் வந்தா படுக்க ரெண்டு அறை உள்ள இடமாப் பார்.

கையெழுத்தைப் போட்டு அனுப்பு. அவளிட்டை ஒண்டும் கேக்காதை.

நேரத்துக்குச் சாப்பிடு.

அம்மா
சிவமலர்

*

மெல்பேர்ண்
டிசெம்பர் 1

அன்புத் தங்கச்சிக்கு,

அம்மாவுக்குத் தனியாக எழுத முயன்றேன். இரண்டு தாள் கிழித்தேன். நீயே வாசித்துச் சொல்லிவிடு.

கையெழுத்து வைத்துவிட்டேன். சாட்சியும் வைத்தாயிற்று. விரைவுத் தபாலில் போட்டிருக்கிறேன், இதற்கு முன்பே வந்துவிடும்.

மே மாதத்திலிருந்து தனியாகத்தான். ஒருவரும் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. சொன்னால் நம்பமாட்டாய், சண்டை கூட இல்லை. ஒரு நாள் இரண்டு பேருக்கும் களைத்துப்போனது.

முதலில் வீடு விலைப்பட்டால் இங்கே ஓர் இடம் எடுத்து, அம்மா வருவதற்குள் சரிப்படுத்திவிடலாம் என்று நினைத்தேன். பிறகு அவ்வளவு கெதியில் அது நடக்காது என்று தெரிந்தது. ஒவ்வொரு கடிதத்திலும் சொல்லத்தான் இருந்தேன். பேனையை எடுத்தால் சந்தை நிலவரம்தான் வந்தது.

அந்தப் பெண் காத்திருந்தாளா?

அபர்டீன் முகவரியை அனுப்பு. நிறைய எழுத வேண்டும் போலிருக்கிறது. இனி உன்னிடம் எல்லாவற்றையும் எழுதலாம்.

சுகத்துக்கு எழுது.

அண்ணை

*

செவன் கிங்ஸ்
ஜனவரி 3

அன்புள்ள அண்ணைக்கு,

அம்மா நல்ல சுகம். நாளைக்கு எனக்கு ரயில். கிங்ஸ் குரொஸ்ஸிலிருந்து ஏழு மணித்தியாலப் பயணம். யன்னலோர இருக்கை.

அந்தப் பெண் காத்திருந்தா. நத்தாருக்கு முதல்நாள் ஒப்பந்தம் முடிந்தது. மாத முடிவில் வீட்டைக் கொடுக்க வேண்டும். தானே நின்று கொடுப்பதாக அம்மா சொல்லிவிட்டா. மூத்த மகள் முன்னறையைத் தனக்கென்று கேட்டிருக்கிறாளாம். அதைக் கேட்டதும் அம்மா போய் அந்த யன்னலைத் துடைத்தா. நான் உதவப் போனேன். வேண்டாமென்றா.

கமலாம்பிகை மாமியின் கீழ் அறைக்கு அம்மாவின் சாமான்கள் போய்விட்டன. ஓர் இரவு அங்கே தங்கிப் பார்த்தா; முதல் நாளே தொலைக்காட்சியின் சத்தத்தில் சண்டை. போனில் கேட்டேன். அம்மாவின் குரல் பத்து வயது குறைந்திருந்தது.

சச்சிதானந்தன் அண்ணை ஒரு பெட்டி கேக் கொண்டுவந்தார். விலை சித்திரையில் இன்னும் ஏறியிருக்கும் என்றார். அம்மா அவரைப் பார்த்த பார்வையில் அவரே ஒரு துண்டை எடுத்துச் சாப்பிடத் தொடங்கினார்.

நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். களைத்துப்போனது என்ற இடத்தில் மறுபடி வாசி என்றா. வாசித்தேன். தலையாட்டினா. அழவில்லை. நானும் இல்லை. உங்களை எனக்கு விளங்குகிறது, அண்ணை. எங்கள் வீட்டில் அது எல்லோருக்கும் உள்ள நோய்.

ஆனால் எல்லாவற்றையும் எனக்கு எழுத வேண்டாம்.

அம்மா சொல்லாததை உங்களுக்குச் சொல்லி, நீங்கள் சொல்லாததை அம்மாவுக்கு வாசித்து, நடுவில் இவ்வளவு காலம் இருந்தேன். ஒருவரும் என்னை அங்கே இருத்தவில்லை என்றும் வைத்துக்கொள்ளலாம். அம்மாவுக்குப் புதுக் கண்ணாடி எடுத்துக் கொடுத்திருக்கிறேன். இனி அவவே வாசிப்பா. மாமியின் முகவரியைத் தனித் தாளில் இதோடு வைத்திருக்கிறேன். தாளைக் கிழிக்காமல் அனுப்புங்கள். பிழையாக வந்தாலும் அனுப்புங்கள்.

என் முகவரியை எழுதவில்லை. மறதி இல்லை, கோபமும் இல்லை. கொஞ்ச நாளைக்கு ஒருவருக்கும் பதில் எழுதாமல் இருந்து பார்க்க விரும்புகிறேன். அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

உங்கள் சுகத்தை இம்முறை நான் கேட்கவில்லை. அம்மா கேட்பா.

பிரசாந்தினி